முதுகுக் கணக்கு

ஐம்பது வயதைத் தாண்டியவனை அவன், இவன் என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் வருகிறவனை அவன் மனைவியே "வாடா போடா" என்றுதான் கூப்பிடுகிறாள், அதுவும் யாரும் இல்லாதபோது. நாலு பேர் முன்னால் "ஏங்க" என்பாள். அந்த "ஏங்க"வில் எப்போதும் கொஞ்சம் நக்கல் இருக்கும். அதனால் நாமும் அவன் என்றே வைத்துக்கொள்வோம். நர்சிங் பள்ளியில் கூடப் படித்த அத்தனை பேருக்கும் அவன் மாப்பிள்ளை. வகுப்பு முழுக்கப் பெண்கள், நடுவில் இவன் ஒருத்தன். வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பின்னாளில் மாமனார் முதன்முதலாக "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டபோது அவனுக்கு அதில் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

அவள் பெயர் பூஜ்யம். அதுவும் பள்ளியில் வந்ததுதான். அரை மில்லி மருந்து என்பதை வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் அவளுக்குப் பொறுக்காது. புள்ளி மங்கிவிட்டால் படிக்கிறவள் ஐந்து என்று படிப்பாள், அரை மில்லி போக வேண்டிய உடம்புக்குள் ஐந்து மில்லி போய்விடும். ஆகவே புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டே ஆக வேண்டும். கரும்பலகையில் டீச்சரே மறந்துவிட்டாலும் எழுந்து நின்று, "மேடம், பூஜ்யம்" என்பாள். "யாரு, நானா?" என்று டீச்சர் திரும்பிக் கேட்ட அன்று வகுப்பு சிரித்த சிரிப்பில் பெயர் நிலைத்துவிட்டது.

படித்து முடித்துக் கல்யாணம் செய்துகொண்ட இருவரும் இப்போது ஒரே மருத்துவமனையில், ஒரே குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறார்கள். கணவன் மனைவி ஒரே வார்டில் இருக்கக் கூடாது என்று எங்கோ ஒரு விதி இருந்ததாம். ஆள் கிடைக்காத காலத்தில் அந்த விதியை யார் தேடிக்கொண்டிருப்பது?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூஜ்யத்துக்குக் கணக்குத் தப்ப ஆரம்பித்துவிட்டது. அது மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அவள் இடுப்பில் இருக்கும் மருந்து அலமாரிச் சாவி போய்விடும். தெரியாமலே இருந்தால் என்றைக்காவது ஒரு குழந்தை போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் அப்படி விழித்தான் என்பது புரிய வேண்டுமென்றால், கணக்கு அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தப் பள்ளியின் செய்முறை அறை நீளமானது. உயரமான ஜன்னல்கள், சுவரோரமாக வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதுதான் எல்லோருக்கும் முதல் நோயாளி. பெயர் பெரியவர். பெரியவரை ஒருக்களிக்கப் போட்டால் இடது கால் கழன்று கையோடு வந்துவிடும். "ஐயா, காலைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுத் திருப்புவார்கள். ஊசி போடப் பழகுவது ஆரஞ்சுப் பழத்தில். ஊசி போட்ட பழத்தைத் தின்னக் கூடாது என்பது சட்டம். உள்ளே போனது வெறும் தண்ணீர்தானே என்று தின்றவர்களும் உண்டு. மாப்பிள்ளை அதில் முதல் வரிசை.

கணக்கு நடத்திய டீச்சருக்கு அரைமில்லி என்று பெயர். ஆள் அவ்வளவுதான். கரும்பலகையின் மேல்பாதி அவருக்கு எட்டாது. கணக்கெல்லாம் கீழ்ப்பாதியிலேயே முடிந்துவிடும், பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எழுதிக்கொள்வார்கள். குரல் மட்டும் அஞ்சு லிட்டர். மருந்துக் கணக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினால்தான் தேர்ச்சி. ஒன்று குறைந்தாலும் பெயில். "தொண்ணூறு வாங்கினா போதாதா மேடம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "பத்துப் பேருக்கு ஊசி போடுறே. ஒன்பது பேர் பிழைச்சாப் போதுமா? அந்தப் பத்தாவது ஆளு உங்கப்பாவா இருந்தா?" என்பார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அரைமில்லி கற்றுக்கொடுத்த பாடத்தில் அவர்கள் வாழ்க்கையையே மாற்றியது ஒன்றுதான். அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை ஒருத்தர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு பேர் போட வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துப் போட்டா அது ரெண்டு கணக்கு இல்ல" என்பார். "ஒரு கணக்கு, ஒரு ஆமாஞ்சாமி. ஒருத்தி போடுவா, இன்னொருத்தி தலையாட்டுவா. திரும்பி நில்லுங்க. மூஞ்சியைப் பார்த்தா விடை தெரிஞ்சுபோகும். முதுகைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் காப்பியடிச்சது கிடையாது."

அப்படியே செய்தார்கள். முதுகோடு முதுகாக நின்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் போடுவார்கள். முடிந்ததும் தாள்களைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒத்துப்போனால் மருந்தை எடுக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பேருமே முதலிலிருந்து போட வேண்டும். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, சரியாகப் போட்டவளும் திரும்பப் போட வேண்டும். மறுபடியும் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டும். மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் முதுகுக் கணக்கு.

மாப்பிள்ளைக்கு ஜோடியாக யாரைப் போடுவது என்று அரைமில்லி கொஞ்சம் யோசித்தார். பிறகு, எந்தப் பையனுக்கும் மசியமாட்டாள் என்று அவர் நம்பிய ஒருத்தியைப் பார்த்துப் போட்டார். பாவம், மருந்துக் கணக்கில் புலியாக இருந்தவர் இந்தக் கணக்கில் கோட்டைவிட்டார். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து மயங்கினவர்கள் ஊரெல்லாம் உண்டு. மாப்பிள்ளை முதுகிலேயே விழுந்துவிட்டான். அவளுடைய பேனா தாளில் ஓடும் சத்தம், முடித்ததும் மூடியை அழுத்தி மூடும் சத்தம், அவன் முடிக்கும்வரை பொறுமையில்லாமல் பாதத்தால் தரையைத் தட்டுவது என்று எல்லாமே அவனுக்கு மனப்பாடம். எப்போதும் அவள்தான் முதலில் முடிப்பாள். விடை ஒத்துப்போகாவிட்டால் தப்பு எப்போதும் அவனுடையது.

கடைசி வருடத்தில் ஒரு மத்தியானம், செய்முறை அறையில் சிரிஞ்சுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "ஒரு கணக்கு இருக்கு. முதுகுக் கணக்கு."

"சொல்லு."

"நாம ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்றோம்னு வச்சுக்க. எத்தனை வீடு வாடகைக்குப் பார்க்கணும்?"

அவள் ஒரு தாளைக் கிழித்து அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். பேனா உடனே ஓடி உடனே நின்றது. தட்டில் வைத்தார்கள். அவன் தாளில் ஒன்று. அவள் தாளில் இரண்டு. மாப்பிள்ளை அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவள் நகரவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? ஒத்துப்போகல. திரும்பப் போடணும்" என்றாள்.

இந்தத் தடவை அவள் ரொம்ப நேரம் எழுதினாள். கடைசிக் கட்டிலில் பெரியவர் காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தாளில் மறுபடியும் ஒன்று. அவள் தாளில், 'ஒன்று. ஆனால் எங்கப்பாவிடம் நீதான் பேச வேண்டும்.' அவன் இன்னும் மூச்சுவிடவில்லை, அதற்குள் அவன் தாளை எடுத்துப் பார்த்து, "வெறும் ஒண்ணுன்னு எழுதியிருக்கே. ஒண்ணு என்ன? யூனிட்டு எங்க?" என்று கேட்டாள். அவன் அழுகிற மாதிரி சிரித்துக்கொண்டே 'வீடு' என்று எழுதினான்.

அந்த வீடு இன்னும் இருக்கிறது, வாடகை வீடு சொந்த வீடானது மட்டும்தான் வித்தியாசம். ஒரே மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான். குழந்தைகள் வார்டில் மருந்து அறை என்பது கதவில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் கை கழுவும் தொட்டி, எதிர்ப்பக்கம் பூட்டு போட்ட அலமாரி, மூலையில் ஓயாமல் முனகும் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். நடுவில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். மாப்பிள்ளை தொட்டியைப் பார்த்து நிற்பான், பூஜ்யம் அலமாரியைப் பார்த்து நிற்பாள். இத்தனை வருடமாக அவன் அந்தத் தொட்டியின் விரிசலைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறான், முதுகுக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. மற்ற கணவன் மனைவிகள் கடற்கரைக்குப் போனார்கள், சினிமாவுக்குப் போனார்கள். இவர்கள் மருந்து அறைக்குப் போனார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், அவனுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

முதல் தடவை அவன் முதலில் முடித்தபோது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "என்ன பூஜ்யம், பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று கேலி செய்தான். அவள் திரும்பாமலே, "குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி ஒரு நாள் ஜெயிச்சுட்டே. ரொம்ப ஆடாதே" என்றாள். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது அவனுக்குத் தன்னைத்தானே அறையலாம் போல இருக்கிறது.

பிறகு ஒரு நாள் விடை ஒத்துப்போகவில்லை. வழக்கம்போல் தன் தப்பு என்று நினைத்து, திரும்ப வேறு வழியில் போட்டுப் பார்த்தான். அதே விடை. அவளும் திரும்பப் போட்டாள். இந்த முறை அவன் விடைக்கு வந்துவிட்டாள். "ராத்திரி சரியாத் தூங்கல" என்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவன் விட்டுவிட்டான். ஆனால் யானை அடுத்த வாரமும் சறுக்கியது, அதற்கடுத்த வாரமும் சறுக்கியது. இதற்கு முன்னால் அவள் மனசுக்குள்ளேயே போடுவாள். இப்போது உதட்டுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். அந்த முணுமுணுப்பு அவன் காதில் விழும். ஒரு நாள் அது எங்கோ வழி தவறிப் போவதைக் கேட்டபோது அவனை அறியாமல் தொண்டையைக் கனைத்துவிட்டான். முணுமுணுப்பு நின்றது. பிறகு பேனா ஓடியது. தாள்கள் ஒத்துப்போயின.

அன்றைக்குத் தெரியாமல் வந்த கனைப்பு மறுநாள் தெரிந்தே வந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிப் போனது. எப்போதெல்லாம் அவள் வழி தவறுகிறாளோ அப்போதெல்லாம் அவனுக்குத் தொண்டை கரகரக்கும். வித்தியாசம் என்பதே வருவதில்லை. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வார்டு பொறுப்பில் இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் இவர்களுக்கு இரண்டு வருடம் ஜூனியர், அதே பள்ளி. அவள் ஒரு நாள், "அண்ணே, அந்தத் தொண்டையைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டுங்க. கேக்கவே நல்லாயில்ல" என்றாள். மாப்பிள்ளை சரி சரி என்று தலையாட்டினான்.

டாக்டரிடம் காட்ட வேண்டியது எதை என்று அவனுக்குத் தெரியும். "ஒரு தடவை தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே" என்று வீட்டில் மெதுவாக ஆரம்பித்தான். "கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான்" என்று அவள் முடித்துவிட்டாள். கண்ணாடியும் மாற்றினார்கள். பிறகு அவன் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்.

அந்த மாதங்களில் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் சாயங்காலம்தான். வேலை முடிந்து வந்து டீயைப் போட்டுக்கொண்டு பழங்கதைக்கு அவளை இழுப்பான். பழங்கதையில் அவளுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது. பெரியவரின் காலைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு ஓடிய இரட்டைச் சடைக்காரியை, அரைமில்லி ஸ்டூல் மேல் ஏறி விழப்போனதை, விடுதிக் குழாய் ஒழுகினால் யாரும் மூடாமல் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணியதை அப்படியே நேற்று நடந்த மாதிரி சொல்வாள். மாப்பிள்ளை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்ப்பான்.

"அந்தக் கடைசிப் பரீட்சையில சொட்டுக் கணக்குத்தான் முதல் கேள்வி, இல்ல?"

"போடா. அது ரெண்டாவது. முதல் கேள்வி மாத்திரையைப் பாதியா உடைக்கறது. நீ அதுல ஒரு ரகளை பண்ணினியே, ஒன்றரை மாத்திரைக்கு மூணு மாத்திரையை உடைச்சு."

இதைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்துவிடும். இவளுக்கா கணக்குத் தப்புகிறது? ஒன்றும் இல்லை, எல்லாம் அலுப்பு. இப்படித் தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஒவ்வொரு நாளும் நிம்மதியாகத் தூங்கப் போவான். கடந்துபோன காலத்தில் அவள் முழுசாக இருந்தாள். அதனால் அவனும் முடிந்தவரை அங்கேயே குடியிருக்கப் பார்த்தான்.

அந்த நாள் காலை வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, கடுமையான கிருமித் தொற்று. தாய் பக்கத்தில் நின்று குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதியிருந்த ஊசி நல்ல மருந்துதான், ஆனால் அளவு மீறினால் காதைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏழரை மில்லிகிராம், அதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இருவரும் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள்.

மாப்பிள்ளை போட்டான். எட்டுக் கிலோவுக்கு நாள் முழுக்க அறுபது மில்லிகிராம். மூன்றாகப் பிரித்தால் வேளைக்கு இருபது. மருந்து ஒரு மில்லியில் நாற்பது மில்லிகிராம். ஆக, அரை மில்லி. பின்னால் முணுமுணுப்பு கேட்டது. "எட்டு... ஏழரை... அறுபது..." அவன் காத்திருந்தான். மூன்றால் வகுக்க வேண்டிய இடம் வந்தது. அவள் அங்கே நிற்காமலே தாண்டிப் போனாள். "அறுபது... நாற்பது... ஒண்ணரை." பேனா மூடி மூடிக்கொண்டது.

தொண்டை கனைக்கத் தயாராக இருந்தது. அவன் கனைக்கவில்லை.

காரணம் பெரிய தர்மம் நியாயம் எதுவும் இல்லை. எப்போதும் இருவருக்கும் ஒரே நாளில்தான் ஓய்வு, இந்த வாரம் மட்டும் நாளைக்கு அவனுக்குத் தனியாக ஓய்வு நாள். நாளைக்கு இதே அறையில், இதே குழந்தைக்கு, பூஜ்யத்தோடு முதுகு திருப்பி நிற்கப் போகிறவள் போன மாதம் வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பூஜ்யம் சொன்னால் வேதம். விடை வேறாக வந்தால் தன்னுடையதை அடித்துவிட்டு அக்காவுடையதை எழுதிக்கொள்வாள், மூன்று மடங்கு மருந்து அந்த எட்டுக் கிலோவுக்குள் போகும். ஓய்வு நாள் அட்டவணையை நேற்றே பார்த்திருந்தான், நேற்றே இது தோன்றியிருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றியது.

தாள்களைத் தட்டில் வைத்தார்கள். ஒன்றில் 0.5. இன்னொன்றில் 1.5.

"ஒத்துப்போகல" என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் இரண்டு தாளையும் பார்த்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பழைய நாட்களில் அவன் தப்பாகப் போட்டபோது வருமே, அந்தப் பொறுமையான பார்வைதான். "திரும்பப் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவனும் முதலிலிருந்து போட்டான். தொட்டியின் விரிசல் கண்ணீரில் இரண்டாகத் தெரிந்தது. பின்னால் அதே வழியில் அதே முணுமுணுப்பு, அதே இடத்தைத் தாண்டி, அதே ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடி நின்றான்.

மறுபடியும் 0.5. மறுபடியும் 1.5.

மாப்பிள்ளை கதவைத் திறந்து இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிட்டான். பின்னாலிருந்து "மாப்ளே" என்று அவள் மெல்ல அழைத்தது கேட்டது. வார்டில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவன் திரும்பவில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்று போட்டாள். போட்ட தாளை வைக்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது. பூஜ்யம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள், பிறகு தன் தாளைப் பார்த்தாள். "மூணால வகுக்கல" என்றாள், யாரோ ஒரு மாணவியின் தாளைத் திருத்துகிற மாதிரி. பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே இன்சார்ஜ் சிஸ்டரின் கையில் வைத்தாள். "ஊசியை நீ போட்டுடு. குழந்தைக்கு நேரமாகுது."

அன்று முழுக்க அவள் வார்டில்தான் இருந்தாள். குழந்தைகளுக்கு உடம்பு துடைத்தாள், அழுத ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளை எதிரில் வந்தபோதெல்லாம் சாதாரணமாகத்தான் பார்த்தாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கட்டின மனைவியை ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டோம், இனி அவள் தன்னிடம் பழையபடி பேசவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள். ஒரு பேருந்து வந்தது, அவர்கள் ஏறவில்லை.

"நான் உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன்" என்றான்.

"நீ அந்தக் கனைப்பை எப்போ ஆரம்பிச்சே?"

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"முதல் தடவை தொண்டை சரியில்லன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு." அவள் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். "தெரிஞ்சும் சொல்லல. ஏன் சொல்லணும்? சௌகரியமா இருந்துது. நீ கனைச்சா தப்பு, திரும்பப் பார்க்கணும். நீ சும்மா இருந்தா சரி. கொஞ்ச நாளா நான் கணக்கே பார்க்கலடா. உன் தொண்டையைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மாப்பிள்ளை அந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு நீ கனைக்கல. அப்போ நான் சரின்னுதானே அர்த்தம்? தாளைப் பார்த்தா உன்னுது வேறயா இருக்கு. சரி, இவன் எப்பவும்போலத் தப்பாப் போட்டிருக்கான்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் நீ பேசாம இருந்தே. எனக்குச் சந்தேகமே வரல. ஒண்ணரை மில்லியைச் சிரிஞ்சுல ஏத்துன்னா அப்படியே ஏத்தியிருப்பேன்."

அவனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவள் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தரையையே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு மிச்சமிருந்த கணக்கையும் அவன் கனைப்புதான் தின்றது. "நான்தான் உன்னைக் கெடுத்தேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"கெடுக்கறதுக்கு நீ யாரு? இது வரணும்னு இருந்தது வந்துது. எனக்குள்ள எதுவோ சரியில்லன்னு உனக்கு முந்தியே எனக்குத் தெரியும். பயமா இருந்துது. கண்ணாடின்னு சொன்னேன்." அவள் குரலும் ஒரு நிமிடம் தடுமாறியது. பிறகு நேரானது. "ஆனா ஒண்ணு. இத்தனை மாசமா நீ என்னைப் பொண்டாட்டியாப் பார்த்தே. இன்னிக்குத்தான் நர்ஸாப் பார்த்தே. கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டே பாரு, அப்போ எனக்கு முதல்ல ஆத்திரம்தான் வந்துது. அப்புறம் அந்தக் குழந்தையோட அம்மா கண்ணாடி வழியா நம்மையே பார்த்துக்கிட்டு நின்னா. அவளைப் பார்த்ததும் ஆத்திரம் போயிடுச்சு."

அடுத்த பேருந்து தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்தாள், அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போலாம். நீ உள்ள வரணும், வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"அழுகையை நிறுத்துடா. எல்லாரும் பார்க்கறாங்க." பிறகு, அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "உன் விடைதான் சரி, மாப்ளே."

படிக்கிற காலத்திலிருந்து இன்றுவரை, ஒத்துப்போன எத்தனையோ தாள்களைப் பார்த்து, "எனக்கும் அதேதான்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். உன் விடைதான் சரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இளம் வயதில் அவன் ஏங்காத நாள் கிடையாது. இப்போது கேட்டும்விட்டான். தன் விடை தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் பேருந்தில் ஏறினான்.